சங்கிலி போய் லேசர் வந்தது



மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ், கட் அடித்துப் பார்த்த சினிமா, வார்டன் கதை எல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கருவியின் வரலாற்றை எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. இன்றைய சிவில் மாணவர்களிடம் பேசினால் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "சார், அதான் லேசர் ஸ்கேனர் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு சர்வே கேம்ப்?"

கேள்வி நியாயமானது. வெயிலில் ரேஞ்சிங் ராடு பிடித்து நின்றவனுக்குத்தான் அதன் வலி தெரியும். முக்காலி மேல் ஒரு ஸ்கேனரை வைத்தால், சில நிமிடத்தில் அறை, சுவர், கூரை, தூண் அத்தனையும் கோடிக்கணக்கான புள்ளிகளாக கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு கல்லும் கம்பும் எதற்கு? 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பதில் சொல்வது நல்லது. கதை கொஞ்சம் நீளம். ஆரம்பம் நம்ம பரங்கிமலையில்.

சீன ராஜாவுக்குப் போன சங்கிலி

1794-ல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனைப்படி சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. ஆக, நம் நாட்டுப் பொறியியல் படிப்பே நிலம் அளக்கும் படிப்பாகத்தான் பிறந்திருக்கிறது.

எட்டு வருஷம் கழித்து, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். கையிலிருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 துண்டுகள் கோத்தது. இந்தச் சங்கிலிக்கே ஒரு பூர்வகதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொடுக்க மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோனது. அங்கே விலைபோகாமல் கல்கத்தா வந்து, கடைசியில் சென்னை வெயிலில் வேலைக்கு இறங்கியது.

ஏழரை மைல் தூரம், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். சங்கிலியை 400 முறை நீட்டிப் போட வேண்டியிருந்தது. 57 நாள் ஆயிற்று. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, கூடவே தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சங்கிலி வேலை குறைவு. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். அந்தக் கோணங்களை அளக்க சுமார் அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட். மலையில்லாத சமவெளியில் கோபுரங்கள் மேல் ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. வேறு ஆளாக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து, நசுங்கிய வட்டத்தைத் தன் கையாலேயே நிமிர்த்தி எடுத்தார்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. 1804-ல் பெங்களூர் பக்கத்தில் லாம்ப்டன் இரண்டாவது அடிக்கோடு ஒன்றை அளந்தார். முக்கோணங்கள் வழியாக சென்னையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும், சங்கிலி போட்டு அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான். இந்த இரண்டாவது அளவு யாரும் கேட்டு அளந்தது அல்ல. தன் பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அளந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒளியே அளவுகோல்

சங்கிலிக்குப் பதில் ஒளியைப் போட்டு அளக்கலாம் என்ற யோசனைக்கு முதலில் ஒளியின் வேகம் தெரிய வேண்டும். 1849-ல் பிரெஞ்சுக்காரர் ஃபிசோ ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். 720 பற்கள் உள்ள சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு, பல் இடுக்கு வழியாக ஒளியை அனுப்பினார். எட்டரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் கண்ணாடி. பட்டுத் திரும்பிவரும் ஒளி, அதற்குள் சக்கரம் நகர்ந்துவிட்டிருந்தால் பல்லில் இடிக்கும், பார்ப்பவருக்கு இருட்டு. விநாடிக்குப் பன்னிரண்டரை சுற்றுக்குச் சற்று மேலே போனபோது இருட்டியது. கணக்குப் போட்டால் விநாடிக்கு சுமார் 3,13,000 கிலோமீட்டர். இன்று நாம் அறிந்த அளவு 2,99,792 கிலோமீட்டர். பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டே வந்தது சாதாரண காரியமா!

தூரம் தெரிந்தால் வேகம் கிடைக்கிறது. அப்படியானால் வேகம் தெரிந்தால் தூரம் கிடைக்க வேண்டுமே? கணக்கை இப்படித் திருப்பிப் போட்டவர் ஸ்வீடன் நாட்டு நிலஅளவையாளர் எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட். 1940-களில் ஒளியின் வேகத்தை இன்னும் துல்லியமாக அளக்கக் கருவி செய்தவர், அதே கருவியால் தூரத்தை அளக்கலாம் என்று கண்டார். ஒளியை வேகமாகக் கூட்டிக் குறைத்து அனுப்பி, திரும்பிவந்த ஒளி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது முறை. ஜியோடிமீட்டர் என்ற பெயரில் 1950-களில் விற்பனைக்கு வந்தது. சாதாரண விளக்கொளி என்பதால் பகல் வெளிச்சத்தில் திணறும். இரவில்தான் சரியாக வேலை செய்யும்.

'லிடார்' என்ற பெயர் லேசரைவிட வயதில் மூத்தது என்பது பலருக்குத் தெரியாது. மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒளிக்கற்றை பாய்ச்சிக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றி வானிலைக்காரர்கள் எழுதிய புத்தகத்தில், 1953-லேயே அந்தச் சொல் வந்துவிட்டது. பெயர் தயார். அதற்கேற்ற ஒளிதான் வரவில்லை.

மெய்மனின் மாணிக்கம்

அது 1960 மே 16 அன்று வந்தது. அமெரிக்காவில் ஹியூஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் தியோடர் மெய்மன் ஒரு சிறிய செயற்கை மாணிக்கக் கோலைச் சுற்றி சுருள்வடிவ ஃபிளாஷ் விளக்கைப் பொருத்தி, உலகின் முதல் லேசரை எரியவிட்டார். கற்றை பரவாமல் நேராகப் போகும், ஒரே நிறம், அசாத்தியப் பிரகாசம். அடுத்த வருஷமே அதே ஹியூஸ் நிறுவனம் லேசரால் தூரம் அளக்கும் கருவி செய்துகாட்டியது.

ஒரு சிக்கல் இருந்தது. முதல் லேசர்களின் துடிப்பு நீளமாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தது. கை தட்டி எதிரொலி கேட்கிறோம். தட்டலே பத்து விநாடி நீடித்தால் எதிரொலி எப்போது வந்தது என்று எப்படிச் சொல்வது? 1962-ல் ஹியூஸிலேயே மெக்ளங், ஹெல்வார்த் இருவரும் லேசரின் சக்தியைத் தேக்கிவைத்து ஒரே நொடிப்பொழுதில் திறந்துவிடும் வழியைச் செய்துகாட்டினார்கள். கியூ-ஸ்விட்ச்சிங் என்பார்கள். அணையில் நீரைத் தேக்கி மதகை ஒரேயடியாகத் திறப்பது மாதிரி.

அதே 1962 மே மாதம் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது) ஸ்மல்லின், ஃபியோக்கோ இருவரும் நிலவின் மேல் லேசரை அடித்துத் திரும்பப் பிடித்தார்கள். திரும்பியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒளித்துகள்கள்தான். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் 100 பட்டகங்கள் பதித்த ஒரு பிரதிபலிப்பான் தட்டை நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும் மூலைப் பட்டகம் அது. மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். இன்றைக்கும் வேலை செய்கிறது. ஒளி போய்வர இரண்டரை விநாடி. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகிப் போகிறது என்பது இப்படி அளந்து தெரிந்ததுதான்.

1983-ல் இன்னொன்று நடந்தது. மீட்டர் என்றால் என்ன என்பதற்கான இலக்கணத்தையே மாற்றினார்கள். ஒரு விநாடியில் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி செல்லும் தூரமே ஒரு மீட்டர். அன்றிலிருந்து கடையில் துணி அளக்கும் ஸ்கேல் உட்பட எல்லா அளவுகோலும் ஒளிக்குக் கட்டுப்பட்டதாகிவிட்டது.

கண் அல்ல, கடிகாரம்

லேசர் ஸ்கேனரை 'கண்' என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது கடிகாரம். ஒளித்துடிப்பு கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. அதை ஒளி வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம். ஒரு நானோ விநாடி, அதாவது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் 15 சென்டிமீட்டர் போச்சு. ஒரு சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமானால் அந்த நானோ விநாடியையும் பதினைந்து கூறு போட்டு எண்ண வேண்டும். இந்தத் தொழிலின் முன்னேற்றத்தில் பெரும்பங்கு மின்னணுக் கடிகாரத்தின் முன்னேற்றம்தான்.

பொருள் சின்னதாக, கிட்டத்தில் இருந்தால் நேரத்தை எண்ணுவதைவிடப் பழைய முறையே மேல். லேசர் கோடு ஒன்றைப் பொருளின் மேல் வீசி, பக்கத்தில் தெரிந்த தூரத்தில் உள்ள காமிராவால் அது எங்கே விழுகிறது என்று பார்க்கிறார்கள். லேசர், காமிரா, பொருள்: ஒரு முக்கோணம். அடிக்கோடு தெரியும், கோணங்கள் தெரியும். பரங்கிமலையில் 12 கிலோமீட்டரில் செய்ததை ஒரு சாண் அளவில் செய்வது! ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய் தலைமையில் ஒரு குழு 1998-99-ல் இத்தாலி போய் மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களை இப்படித்தான் அளந்தது. 17 அடி உயர தாவீது சிலையைக் கால் மில்லிமீட்டர் நுணுக்கத்துக்கு எடுத்தார்கள். உளிபட்ட தழும்புகூட அதில் தெரிகிறது.

புள்ளிகள் படமான கதை

ஒரு திசையில் ஒரு தூரம் கிடைத்தால் ஒரு புள்ளி. கற்றையைக் கண்ணாடியால் திருப்பித் திருப்பி அடித்தால் புள்ளிகளின் கூட்டம். 'பாயின்ட் கிளவுட்' என்கிறார்கள்; புள்ளிமேகம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கேள்வி பாக்கி: அளந்தவன் எங்கே நின்றான்?

விமானத்திலிருந்து அளப்பவர்களுக்கு இதுவே பெரிய தலைவலி. விமானம் ஓடுகிறது, சாய்கிறது, குலுங்குகிறது. லேசர் எவ்வளவு துல்லியமாக இருந்தும் என்ன பயன்? ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆக்கர்மன் குழுவினர் 1980-களின் இறுதியில் லேசரையும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களையும் ஜோடி சேர்த்தார்கள். சாய்வையும் திரும்பலையும் சொல்ல கைரோ கருவிகள் கூட வந்தன. அதன் பிறகுதான் 1990-களில் ஆகாய லிடார் ஒரு தொழிலாயிற்று. இதே காலத்தில் செவ்வாயைச் சுற்றிய மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் லேசர் உயரமானி 60 கோடிக்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்து, அந்தக் கிரகத்தின் மேடு பள்ளங்களை வரைபடமாக்கிவிட்டது.

தரையில் முக்காலி மேல் வைக்கும் ஸ்கேனரைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் ஒரு சிவில் இன்ஜினியர். ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பென் கசீரா. தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான குழாய்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று அளந்து வரைவது எவ்வளவு கஷ்டம் என்று தொழிலில் கண்டவர். அவருடைய நிறுவனத்தின் சைராக்ஸ் ஸ்கேனர் 1990-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது.

ஸ்கேனருக்கும் தூண் மறைக்கும், சுவர் மறைக்கும். நாலு இடத்தில் வைத்து எடுத்தால் நாலு புள்ளிமேகம். அவற்றை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். 1992-ல் பெஸ்ல், மெக்கே இருவரும் எழுதிய முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. அருகருகே உள்ள புள்ளிகளை ஜோடி சேர்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஜோடி சேர்த்து, வித்தியாசம் குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. நகர்ந்துகொண்டே அளக்கும் ரோபோவுக்கு இன்னும் ஒரு பாடு. தான் எங்கே இருக்கிறோம் என்பதையும் சுற்றுப்புறம் எப்படி என்பதையும் ஒரே சமயத்தில் கண்டுபிடிக்க வேண்டும். 'ஸ்லாம்' என்று பெயர். கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, "இது நாம் முன்பே பார்த்த மூலை" என்று கண்டுகொண்டால், சேர்ந்த பிழை எவ்வளவு என்று தெரியும். அதைப் பாதை முழுவதும் பங்குபோட்டுச் சரிசெய்யலாம்.

இது எங்கோ கேட்ட மாதிரி இல்லை? சர்வே கேம்ப்பில் போட்ட டிராவர்ஸ்தான்! ஊரைச் சுற்றி வந்து முதல் ஸ்டேஷனில் முடிக்கும்போது கோடு மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும். 'குளோசிங் எரர்' எவ்வளவு என்று பார்த்து, ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதைப் பங்குபோட்டு உட்கார்ந்திருந்தோமே, அதே கணக்கு. இன்று ரோபோ ஒவ்வொரு நொடியும் போடுகிறது.

பாலைவனப் பந்தயம்

பொதுமக்கள் கண்ணில் லிடார் பட்டது கார்களால். 2004 மார்ச்சில் அமெரிக்காவின் டார்பா அமைப்பு, ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு மொஹாவி பாலைவனத்தில் ஒரு பந்தயம் வைத்தது. சுமார் 228 கிலோமீட்டர். ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிகம் போனது 12 கிலோமீட்டர். லாம்ப்டனின் அடிக்கோடு நீளம்தான்! அடுத்த ஆண்டு அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தது. கூரையில் ஐந்து லேசர் கருவிகள்.

அந்தப் பந்தயத்தில் ஜெயிக்காத ஒருவர்தான் தொழிலை மாற்றினார். டேவிட் ஹால், ஒலிபெருக்கி தயாரிக்கும் வெலோடைன் நிறுவனக்காரர். ஒற்றைக் கோட்டில் பார்க்கும் லேசர் போதாது என்று 64 லேசர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மொத்தத்தையும் சுழலவிட்டார். நாலாபுறமும் விநாடிக்குப் பத்து லட்சம் புள்ளி. அடுத்து 2007-ல் நகரச் சாலைப் பந்தயம் நடந்தபோது முடித்த ஆறு வண்டிகளில் ஐந்தின் தலையில் அவருடைய கருவி சுழன்றது. அன்றைக்கு ஒரு கருவியின் விலையே ஒரு நல்ல காரின் விலையைத் தாண்டும். 2020-ல் அதே அடிப்படைத் தத்துவம் சிறிய உருவில் கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது.

காட்டுக்குள் இருந்த நகரம்

இனி மாணவர்கள் கேள்விக்குப் பதில் தரும் இரண்டு நிகழ்ச்சிகள்.

மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டுக் காட்டுக்குள் கராகோல் என்ற மாயா நகரம் புதைந்து கிடக்கிறது. ஆர்லன் சேஸ், டயான் சேஸ் என்ற தம்பதியர் 1985-லிருந்து அங்கே வருஷா வருஷம் போய், காட்டை வெட்டி, நடந்து, அளந்தார்கள். கால் நூற்றாண்டில் சுமார் 23 சதுர கிலோமீட்டர் வரைபடமாயிற்று. 2009 ஏப்ரலில் ஒரு விமானம் லிடாருடன் நாலைந்து நாள் பறந்தது. 200 சதுர கிலோமீட்டர் முடிந்தது. ஒரு துடிப்பில் கொஞ்சம் ஒளி இலையில் பட்டுத் திரும்பும். கொஞ்சம் இடுக்கு வழியே புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்பியதை மட்டும் எடுத்துக்கொண்டால், மரங்களைக் கம்ப்யூட்டரிலேயே சீவி எறிந்துவிடலாம். கீழே சாலைகள், வீட்டு மேடைகள், மலைச்சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய விவசாய நிலம் தெரிந்தன.

"அப்போ இருபத்தஞ்சு வருஷம் வீண்தானே?" என்று தோன்றும். நன்றாக யோசியுங்கள். திரையில் தெரிந்தது மேடும் பள்ளமும். இந்த மேடு வீடு, இந்த வரி சாலை, இந்தப் படிக்கட்டு வயல் என்று எப்படிச் சொன்னார்கள்? முன்பு நடந்து அளந்த இடங்கள் திரையில் எப்படித் தெரிகின்றன என்று பார்த்து, அதைக்கொண்டு நடக்காத இடங்களைப் படித்தார்கள். அந்த 23 சதுர கிலோமீட்டர்தான் மற்றதற்கு அரிச்சுவடி.

தீக்குப் பிறகு

2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைக் கண்டு நொந்த கசீரா, உலகின் பழைய சின்னங்களை அழியுமுன் அளந்து வைக்க 2003-ல் சைஆர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். உகாண்டாவின் கசுபியில் புகாண்டா அரசர்களின் கல்லறை மண்டபம், மரமும் புல்லும் வேய்ந்தது, 2009-ல் அளக்கப்பட்டது. 2010 மார்ச்சில் எரிந்து போயிற்று.

பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்தின் கதையும் இதுவே. ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைப் பேராசிரியர் 2010-ல் ஸ்கேனரை உள்ளும் வெளியும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகள் எடுத்தார். கட்டியவர்கள் எப்படிக் கட்டினார்கள், சுவர் எங்கே சாய்ந்தது என்று தெரிந்துகொள்வதே அவர் நோக்கம். 2018 நவம்பரில் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15 மாலை தேவாலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. திரும்பக் கட்டுவோர் கையில் அவருடைய புள்ளிகள் இருந்தன.

அவை மட்டும் இல்லை. கூரைக்குள்ளிருந்த பழைய மரச்சட்டங்களை ஃப்ரோமோன், ட்ராந்தெசோ என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் 2014-ல் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆய்ந்து, வரைந்து வைத்திருந்தார்கள். மரம் எந்த இடத்தில் எப்படி முளை கோத்தது, எப்படி வெட்டியது என்பது வெளியிலிருந்து வரும் லேசருக்குத் தெரியாது. தெரிந்தவன் உத்தரத்தின் மேல் ஏறிப் பார்த்தவன். இருவகை அளவும் சேர்ந்து, தச்சர்கள் மறுபடி கோடரியால் ஓக் மரம் செதுக்கி, 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது.

நிலவிலிருந்து ஒரு பதில்

நம் நாட்டுப் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. 2008-ல் போன சந்திரயான்-1-ல் நிலவின் மேடு பள்ளம் அளக்க லேசர் கருவி இருந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கிய விக்ரம், தரையின் உயரத்தை மட்டுமல்ல, தன் வேகத்தையும் லேசரால் அளந்துகொண்டு இறங்கியது. அதன் மேல் தளத்தில் நாசா கொடுத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிரதிபலிப்பானும் இருக்கிறது. விக்ரம் உறங்கிப்போன பின், 2023 டிசம்பர் 12 அன்று, நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் அதன்மேல் லேசர் அடித்தது. ஒளி திரும்பி வந்தது. பரங்கிமலையில் நட்ட அடிக்கல் மாதிரி, நிலவின் தென் பகுதியில் நமக்கும் ஒரு ஸ்டேஷன் பாயின்ட்.

ஆக, கேம்ப் வேண்டுமா?

லேசரின் பலவீனங்களையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடிக் கதவின் ஊடே போய்விடும். பளபளக்கும் பரப்பு ஒளியை வேறெங்கோ அனுப்பி, இல்லாத சுவரை இருப்பதாகக் காட்டும். கறுப்புப் பரப்பு விழுங்கும். மூடுபனியும் மழையும் பொய்த் திரும்பல் தரும். அகச்சிவப்பு லேசர் குளத்தின் அடியைக் காட்டாது; அதற்குப் பச்சை லேசர் வேண்டும், தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். ஸ்கேனர் நின்ற இடத்திலிருந்து மறைந்தது எதுவும் படத்தில் இருக்காது. இதில் ஆபத்து என்னவென்றால், படம் மட்டும் பார்க்க வெகு அழகாக இருக்கும். பழைய வரைபடத்தில் அளக்காத இடம் வெள்ளையாகக் கிடக்கும், பார்த்தவுடன் தெரியும். புள்ளிமேகத்தில் ஓட்டையை சாஃப்ட்வேர் பூசி மெழுகிவிடும்.

அந்த ஓட்டையை யார் கண்டுபிடிப்பது? பெங்களூரில் இரண்டாவது அடிக்கோடு போடத் தோன்றியவனும், மூடாத டிராவர்ஸைப் பார்த்து ராத்திரி தூங்காதவனும்தான். நாம் போகும் பாலம், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கட்டடம் எல்லாம் நாளைக்கு இந்தப் புள்ளிகளை நம்பித்தான் கட்டப்படும்; பல இடங்களில் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது. தப்பான புள்ளியைத் தப்பு என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும். அந்த ஆள் தானாக முளைக்க மாட்டான். ஒரு தடவையாவது கையால் அளந்து, பிழை வந்து, எங்கே வந்தது என்று தேடியிருக்க வேண்டும்.

எனவே என் பதில் இது. ஸ்கேனரை வாங்குங்கள், கேம்ப்புக்கே எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே வளாகத்தை ஒரு குழு செயினும் தியோடலைட்டும் வைத்து அளக்கட்டும், இன்னொரு குழு லேசரால் அளக்கட்டும். சாயங்காலம் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கே அனைவரும் நடந்து போய்ப் பாருங்கள். அந்த நடைதான் பாடம்.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களில் பலர் இன்று இந்தக் கருவிகள் புழங்கும் நிறுவனங்களில் நல்ல பொறுப்பில் இருக்கிறீர்கள். வருஷத்தில் ஒரு வாரம், கேம்ப் சமயத்தில், ஒரு கருவியையும் ஓர் ஆளையும் நம் கல்லூரிக்கு அனுப்பிவைத்தால் போதும். கூடவே நீங்களும் வந்தால் இன்னும் சந்தோஷம். ரேஞ்சிங் ராடு பிடிக்க ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.